ஆணி ஒன்றுக்கு 150 ரூபாய்

வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுத்து 47 நாள் கழித்து, நேற்று மாலைதான் என் அட்வான்ஸ் பணத்தின் கணக்கு என் கைக்கு வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளை நடுவில் கிழித்து, பாதியில் எழுதியிருந்தார் வீட்டு உரிமையாளர். நான் கொடுத்தது 60,000 ரூபாய். திரும்பி வந்தது 22,700 ரூபாய். மீதி 37,300 ரூபாய்க்கு அந்தப் பாதித் தாளில் ஆறு வரிகள் இருந்தன: பெயிண்டிங் 24,000, மோட்டார் காயில் 4,500, செப்டிக் டேங்க் 3,500, வீடு கழுவியது 2,000, குழாய் 1,200, ஆணி 14க்கு 2,100. தேதி இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு கடைப் பில் கூட இல்லை. "கணக்கு பாத்து தாறேன் தம்பி" என்று ஏறக்குறைய ஏழு வாரமாக அவர் சொல்லிவந்த கணக்கு இதுதான்.

மற்றவற்றை விட்டாலும் அந்த ஆணிக் கணக்கை என்னால் விட முடியவில்லை. காலி செய்த அன்று மாலை நாங்கள் வாங்கிப் போட்ட பல்புகளைக் கழற்றிவிட்டதால் வீடு இருட்டாக இருந்தது. வீட்டு உரிமையாளர் ஒரு கையில் செல்போன் டார்ச்சும் மறு கையில் தச்சர்கள் காதில் செருகுவது போன்ற தட்டைப் பென்சிலுமாக வந்தார். ஆணியைக் கண்ட இடத்தில் எல்லாம் நின்று, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே முன்னால் போனார். நானும் என் மனைவியும் துடைப்பமும் கையுமாகப் பின்னால் போனோம். முன்னறையில் நான்கு. படுக்கையறையில் மூன்று. சமையலறை வாசல்படியின் மேல் மாவிலை கட்டுவதற்கு அடித்திருந்த துருப்பிடித்த ஆணி எட்டாவது. நாங்கள் குடிவந்த நாளிலேயே அதில் முந்தைய குடித்தனக்காரரின் காய்ந்த மாவிலைக் காம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். "வீட்ட நம்ம வீடு போல பாத்துக்கிடணும் தம்பி" என்றார், ஒன்பதாவதுக்குப் போய்விட்டார். கடிகாரத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்கு ஒன்று என்று மூன்றே மூன்று ஆணிகள்தான் அந்த வீட்டில் நான் அடித்தவை. நான்கு ஆண்டு மூன்று மாதம், ஒரு மாதம் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் 8,500 ரூபாய் வாடகை கொடுத்தவனுடைய பின்னால் மிச்சமாக நின்றவை அந்த மூன்று ஆணிகள்.

பெயிண்டிங் கணக்கு இன்னும் அநியாயம். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டுக்கு இரண்டு மழையையும் வாங்குகிற ஊர் நம்முடையது. நாகர்கோவிலில் மேற்குப் பார்த்த சுவரில் ஓதம் ஏறாத பழைய வீட்டை யாராவது காட்டட்டும். ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் கொப்புளித்து உதிர்வதற்கு உள்ளே குடியிருப்பவன் என்ன செய்ய முடியும்? மொட்டை மாடியின் விரிசலை அடைக்கச் சொல்லி மூன்று மழைக்காலம் கேட்டவன் நான், அடைக்காதவர் அவர், அதற்கான 24,000 ரூபாய் என் கணக்கில். மோட்டார் காயிலும் அப்படித்தான். அந்த மோட்டார் ஏற்றிய தண்ணீரில் பாதி மாடியில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனது. காயில் கட்டிய கூலி மட்டும் முழுவதும் என் தலையில் விழுந்தது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழ்நாடு அரசு 2017இல் புதிய சட்டம் இயற்றியது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவின்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. குழாயின் வாஷர் மாற்றுவது குடியிருப்பவரின் வேலை என்றும் அதில் இருக்கிறது. ஆகவே அந்த 1,200 ரூபாயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. என் வாடகைக்கு அது 25,500 ரூபாய்தான். ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது" என்ற ஒரு வாசகத்தை முன்னால் வைத்துவிட்டார்கள். அந்த ஒரு வாசகத்தின் வழியாகத்தான் மாவட்டம் முழுவதும் ஆறு மாதம், ஏழு மாதம், பத்து மாதம் என்று வாடகையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நாம் செய்வது என்ன? முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிடுகிறோம். பதிவு செய்யலாம் என்று வாய் திறந்தால் "அப்படின்னா வேற வீடு பாத்துக்கிடுங்க" என்பதுதான் பதில். வீடு தேடி வடசேரிக்கும் பார்வதிபுரத்துக்கும் செட்டிகுளத்துக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்தவன் அந்த நேரத்தில் சட்டம் பேசுவானா?

நம் ஊரில் ஒற்றிக்கு வீடு எடுப்பவர்களைப் பாருங்கள். இரண்டு லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே யாரும் பென்சிலால் வட்டம் போடுவதில்லை. காரணம் எளியது: ஒற்றிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் சாவி கை மாறும், பணம் வராவிட்டால் வீட்டில் இருந்துகொண்டே இருக்கலாம். வாடகை வீட்டில் இதுவே தலைகீழ். சாவி முதலில் போய்விடுகிறது, பணம் பிறகு வர வேண்டும். சாவியை ஒப்படைத்த அந்த நொடியில், குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் அபராதத்தை வசூலிப்பவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்.

புது வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பழைய பணம் வரும்வரை என் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. இந்த 47 நாளுக்கும் அதற்கு வட்டி கட்டியது நான். என்னுடைய 60,000 ரூபாயோ நான்கு ஆண்டு மூன்று மாதம் அவரிடம் இருந்தது. ஆண்டுக்கு வெறும் 6 சதவீதம் என்று வைத்தாலும் 15,300 ரூபாய் வட்டி. அதைப் பற்றி அந்தப் பாதித் தாளில் ஒரு வரி இல்லை. கரண்ட் இணைப்புக்கு நாம் கட்டும் வைப்புத்தொகைக்கு வட்டி தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் சொல்கிறது. குடியிருப்பவன் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்துக்கு மட்டும் வட்டியும் இல்லை, ரசீதும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

என் அக்காள் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். நேற்று இரவு இதைச் சொன்னபோது, "மாமா, பணத்த அவரு கையிலயே ஏன் வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அங்கே 2007 ஏப்ரல் முதல், வாடகை வீட்டு அட்வான்ஸை அரசு ஒப்புதல் பெற்ற ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தாக வேண்டும். பணம் வாங்கிய 30 நாளுக்குள் அதைச் செய்து, எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று குடியிருப்பவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று 2019இல் உச்சவரம்பும் வைத்துவிட்டார்கள். தகராறு வந்தால் கட்டணம் இல்லாமல் ஒரு நடுவர் பார்ப்பார். அவரிடம் சேதத்தை நிரூபிக்க வேண்டியது உரிமையாளர். புழங்கிய வீட்டில் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. அவள் குடிபோன நாளில் ஒவ்வொரு சுவரையும் தரையையும் படம் எடுத்துப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினார்களாம். அந்தப் பட்டியல் ஒன்று என் கையில் இருந்திருந்தால் எட்டாவது ஆணியின் மாவிலைக் காம்பு எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

நான் கேட்பதும் அப்படி ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத்தான். பணம் இருவர் கையிலும் இருக்க வேண்டாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் இடத்திலேயே அதையும் கட்டிவிட்டு, காலி செய்யும்போது இருவரும் கையெழுத்துப் போட்டு எடுக்கும் ஏற்பாடு வரட்டும். நல்ல உரிமையாளருக்கு இதில் ஒரு ரூபாய் நட்டம் இல்லை.

இன்று காலை பழைய வீட்டிலிருந்து போன் வந்தது. எனக்கு ஒரு இன்சூரன்ஸ் கடிதம் வந்திருப்பதாகப் புதிதாகக் குடிவந்தவர் சொன்னார், வாங்கப் போனேன். சுவரில் ஒரு கை பெயிண்ட் விழவில்லை. மேற்குச் சுவரின் ஓதம் அப்படியே இருந்தது, பென்சில் வட்டங்களும் அப்படியே இருந்தன. அவர் கொடுத்த அட்வான்ஸ் 75,000 ரூபாயாம். "இந்த வட்டமெல்லாம் என்னது சார்?" என்று கேட்டார். சொன்னேன். உடனே அவர் செல்போனை எடுத்தார். இருவருமாக முன்னறையில் தொடங்கி ஒவ்வொரு வட்டத்தையும் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு போனோம். வட்டங்கள் பதினான்கும் சரியாக இருந்தன. ஆனால் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது ஆணிகள் பன்னிரண்டுதான் இருந்தன. பதினொன்றாவது வட்டத்துக்குள் இருந்தது பெயிண்ட் கொப்புளம். பதின்மூன்றாவது வட்டத்துக்குள் ஒரு பல்லி எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதன் பிறகு இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.