லாவக்கூன் சிலையின் கையை வத்திக்கான் உடைத்து மாற்றியதா?

டிராய் நகரப் பூசாரி லாவக்கூனையும் அவருடைய இரு மகன்களையும் பாம்புகள் சுற்றி வளைப்பதைக் காட்டும் பழங்காலப் பளிங்குச் சிலை வத்திக்கானில் இருக்கிறது. அதன் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு தகவல் சுற்றுகிறது. ஒன்றில் லாவக்கூனின் வலது கை வானத்தை நோக்கி நீண்டிருக்கிறது. மற்றதில் தலைக்குப் பின்னால் மடங்கியிருக்கிறது. "கிரேக்கர் செதுக்கிய கையை உடைத்துவிட்டு வத்திக்கான் புதுக் கை வைத்துவிட்டது" என்பது குற்றச்சாட்டு.

படங்கள் இரண்டும் நிஜம். கதைதான் தலைகீழ்.

1506 ஜனவரியில் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சிலை கிடைத்தபோதே அந்தக் கை இல்லை. மடங்கியிருந்திருக்கும் என்றார் மைக்கலாஞ்சலோ. யாரும் கேட்கவில்லை. 1530களில் சிற்பி மொன்டோர்சோலி நீட்டிய கையைப் பொருத்தினார். பார்க்க வீரமாகத்தான் இருந்தது. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துப் பிரதியில் இன்றும் கை நீண்டே இருக்கிறது.

1906இல் தொல்லியலாளர் லுட்விக் போலாக் ரோமின் ஒரு கல் தச்சர் பட்டறையில் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைக் கண்டெடுத்தார். 1950களின் இறுதியில் அதைச் சிலையோடு ஒப்பிட்டபோது, கையில் இருந்த துளையும் உடலில் இருந்த துளையும் நேர்க்கோட்டில் பொருந்தின. ஆக, கழற்றப்பட்டது மொன்டோர்சோலியின் பிற்காலக் கை; அந்த இடத்தில் வைக்கப்பட்டதுதான் பழைய கை.

பிற்காலத்தவர் இந்தச் சிலையின் உருவத்தை விருப்பம்போல் வளைத்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஓவியர் டிஷியன் வரைந்ததாகக் கருதப்படும் மரச்செதுக்குப் படத்தில் மூவரும் குரங்குகள்! ஓவியர் எல் கிரேக்கோவோ லாவக்கூனைத் தரையில் சாய்த்து, பின்னால் டிராய்க்குப் பதில் ஸ்பெயினில் தான் வாழ்ந்த டொலேடோ நகரத்தையே நிறுத்தினார். அவர்கள் மாற்றியது தங்கள் தாளிலும் துணியிலும். மொன்டோர்சோலியின் கை மட்டும் சிலையிலேயே ஏறிவிட்டதால் அதையே அசல் என்று நம்பிவிட்டார்கள்.