ஜோ காக்கர் ஒரு பாட்டோடு முடிந்துபோனவர் அல்ல
ஆங்கிலப் பாடகர் ஜோ காக்கரைப் பற்றி ஒருவர், "அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவில் பாடிய அந்த ஒரு பாட்டோடு அவர் காணாமல் போய்விட்டார், பாடும்போது கை அப்படி ஆடியது ஏதோ நரம்பு நோய்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

முதலில் அந்தப் பாட்டு, 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரண்ட்ஸ்'. பீட்டில்ஸ் இசைக்குழு 1967-இல் வெளியிட்டது, அதன் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் துள்ளலாகப் பாடியது. காக்கர் அதை மெதுவாக்கி, தொண்டை கிழியக் கெஞ்சும் பாட்டாக மாற்றினார். அது 1968 நவம்பரிலேயே பிரிட்டன் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்துவிட்டது. உட்ஸ்டாக் 1969 ஆகஸ்டில்தான்.

கை ஆட்டம் நோயே இல்லை. அவருக்கு கிட்டாரோ பியானோவோ வாசிக்க வராது. மனதுக்குள் ஓடும் இசையைக் கை வாசித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கேஸ் குழாய் பொருத்தும் வேலை பழகிக்கொண்டே இரவில் பப்களில் பாடிய பையன் அவர். அமெரிக்க சோல் பாடகர் ரே சார்ல்ஸ் மீது உயிர். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே புரியும்.

சரி, காணாமல் போனாரா? எழுபதுகளில் குடியும் போதையும் அவரை வாட்டியது உண்மைதான். ஆனால் 1975-இல் 'யூ ஆர் சோ பியூட்டிஃபுல்' அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை போனது. அப்புறம் 1982-இல் ஜெனிஃபர் வார்ன்ஸுடன் பாடிய 'அப் வேர் வி பிலாங்' அங்கே முதலிடம் பிடித்தது, கிராமியும் வாங்கியது. 2014 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயால் 70 வயதில் இறந்தார். அந்த 1975 பாட்டின் கடைசி வரியில் குரல் உடைவதை ஒருமுறை கேளுங்கள். எனக்கு உட்ஸ்டாக்கை விட அதுதான் பெரிது.