நகல் என்பது அவசரம்

பிக் பிக் ட்ரெயின் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவை 'பழைய ஜெனிசிஸின் நகல்' என்று, அதாவது 70களின் ராக் குழுவான ஜெனிசிஸின் பிரதி என்று, நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. சரி, மெல்லோட்ரான் என்ற பழைய விசைப்பலகைக் கருவி, புல்லாங்குழல், இருபது நிமிடத்தைத் தாண்டும் பாட்டு எல்லாம் 70களின் சரக்குதான், மறுக்கவில்லை. இந்தக் குழுவின் பாடகர் டேவிட் லாங்டனே, ஜெனிசிஸின் பாடகர் பில் காலின்ஸ் விலகியபின் அங்கே சேர முயன்றவர்! ஆனால் 2009இல் வந்த 'தி அண்டர்ஃபால் யார்ட்' ஆல்பத்தைக் கேளுங்கள். ரயில் பாதை போட்ட விக்டோரியா காலத்துப் பொறியாளர்களைப் பாடுகிறார்கள். டிராம்போன், டியூபா என்று பித்தளைக் குழல்கள் நுழையும் இடத்தில் எனக்கு ஜெனிசிஸ் நினைவே வரவில்லை, இங்கிலாந்தின் பழைய தொழில் நகரம்தான் தெரிந்தது. அப்புறம், பெரிய நிறுவனம் எதையும் நம்பாமல் பல ஆண்டுகள் சொந்தமாகவே ஆல்பம் வெளியிட்டார்கள். அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். 2021இல் லாங்டன் இறந்தபோது இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புதுப் பாடகரோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது இந்த ரயில்.