பிள்ளைகளை மன்னாருக்கும் கூட்டிப் போங்கள்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளிநாடு கூட்டிப் போவது பற்றி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் காரசாரமாகச் சண்டை நடக்கிறது. "முதல்ல கழிப்பறையை ஒழுங்காக் கட்டுங்க, அப்புறம் ஏரோப்ளேன்ல ஏத்தலாம்" என்று ஒரு கட்சி. "போட்டியில ஜெயிச்ச பிள்ளைக்குப் பரிசு, இதுல என்னய்யா வயித்தெரிச்சல்" என்று இன்னொரு கட்சி. கழிப்பறை வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ரெண்டு கட்சிக்கும் இந்தப் பயணம் ஒரு பரிசுப் பொருள்தான். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நம் ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வெளிநாடு புதுசில்லை. கீழக்கரைப் பக்கம் வாப்பா சபுரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருக்கிற வீடுகள் எத்தனை! அந்தப் பிள்ளைக்குத் துபாய் என்பது வீடியோ காலில் தெரிகிற அடுக்குக் கட்டிலும் ஒரு ஏசி பெட்டியும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் போனால் வெளிநாடு என்பது அப்பாவையும் படகையும் பிடித்து வைக்கிற இடம். யாழ்ப்பாணம் சிறை, வவுனியா சிறை என்ற பெயரெல்லாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். ஒன்று சம்பாதிக்கிற இடம், இல்லையென்றால் பிடிபடுகிற இடம். அங்கேயும் காலையில் சோறு கட்டிக்கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன என்பதை இவர்கள் எப்போது பார்ப்பது?

எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி காசு கட்டிப் பள்ளியோடு சிங்கப்பூர் போய் வந்தாள். எல்லாரும் யுனிவர்சல் ஸ்டுடியோஸைப் பற்றியே கேட்டார்கள். அவளுக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எழுபது வயதுத் தாத்தா சாப்பிட்ட தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய் அடுக்கில் வைத்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கே 2021-லிருந்து அது கட்டாயம், வைக்காவிட்டால் அபராதம் என்று நான் சொன்னேன். "அபராதம் இருக்கட்டும் மாமா, ஆம்பளையும் எடுத்து வைக்கிறாங்கல்ல" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் அண்ணன் பாடு திண்டாட்டம்.

அதே பயணத்தில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. சிங்கப்பூர் சைனா டவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. 1826-ல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கியது. பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். கொஞ்ச தூரத்தில் நாகூர் தர்கா. நம் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வரலாறு அந்தத் தெருக்களில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதைப் பேருந்து ஜன்னல் வழியே காட்டிவிட்டு நேரே கடைத்தெருவில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். சாக்லேட் வாங்க ரெண்டு மணி நேரம்!

2022-ல் நம் அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். நல்ல காரியம். ஆனால் போகிற பிள்ளைக்கு முதலில் சொந்த ஊரைக் காட்ட வேண்டும். வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம், அங்கே ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது. பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு. இதைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிற பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நிற்காது. கேள்வி கேட்கும்.

என்னைக் கேட்டால் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் முதலில் போக வேண்டியது இலங்கையில் இருக்கிற மன்னாரும் யாழ்ப்பாணமும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறிப் போன வழி அது. இப்போது நாகப்பட்டினம் போய் யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் பிடிக்க வேண்டும். பரவாயில்லை, அதுவும் ஒரு பாடம். மன்னாரில் பெருக்க மரம், அதுதான் பாவோபாப், நிற்கிறது, நம் பக்கமும் நிற்கிறது. மன்னார்ப் பக்கத்துச் சிவன் கோயிலான திருக்கேதீச்சரத்தின் தேவாரம் நம் ஓதுவார் பாடுவதுதான்.

அங்கே ஒரு மீனவர் வீட்டில் பிள்ளைகளை ஒருநாள் உட்கார வைக்க வேண்டும். நம் விசைப்படகு இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கிற வலை) போட்டு அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போன கதையை அந்த வீட்டுப் பிள்ளை சொல்லும். நம் பிள்ளை, அப்பா பிடிபட்ட கதையைச் சொல்லும். இலங்கையில் 2017-லேயே இழுவைமடிக்குச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியவர்கள் மேசை போட்டுப் பேசியும் தீராததைப் பிள்ளைகள் தீர்த்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரன் முகமாவது தெரிந்திருக்கட்டும்.

வினாடி வினாவில் முதல் மார்க் எடுத்தவரை மட்டும் பொறுக்காமல், வாய் ஓயாமல் கேள்வி கேட்கிற கடைசி பெஞ்சுக்கும் ரெண்டு இடம் ஒதுக்குங்கள். முக்கியமாக, யார் யார் போகிறார்கள் என்பதை ஜூனிலேயே சொல்லிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருக்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. பாஸ்போர்ட்டுக்கு அதைத் திருத்தி முடிப்பதற்குள் அரையாண்டுப் பரீட்சை வந்துவிடும்.