'பூனைக்குச் சோறு' என்று ஒரு அலாரம்

தினமும் போனில் செய்தி அனுப்பினால் பெண்கள் பிரெப் மாத்திரையை (எச்.ஐ.வி தொற்று வராமல் தடுக்க, தொற்று இல்லாதவர்கள் போடும் மாத்திரை) மறக்காமல் போட்டுக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மறதி மட்டும்தான் பிரச்சினையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பிரெப் எடுக்கிறாள். கிளினிக் சொன்ன ஆப்பைப் போட்டுக்கொண்டாள். காவடிக்கு வீடு நிறைய ஆட்கள் வந்திருந்த அன்று, மேசையில் கிடந்த போன் மின்னியது: "எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை போட்டீர்களா?" படித்தது பெரியம்மா! நோய் வராமல் இருக்கத்தான் அந்த மாத்திரை என்று யாரிடம் போய் விளக்குவது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிரவே ஆப்பை எடுத்துவிட்டாள். குலுங்கிச் சத்தம் போடாமலிருக்க மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சும் அடைத்தாள்.

பிரெப் மருந்தைச் சோதித்து, 2013-இல் முடிவு வெளியான வாய்ஸ் என்ற ஆய்வில் இங்கேயும் உகாண்டா, ஜிம்பாப்வேயிலும் 5,029 பெண்கள் இருந்தார்கள். மருந்தைத் தவறாமல் எடுப்பதாகத்தான் பெரும்பாலோர் சொன்னார்கள். ரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்கில்கூட மருந்து இல்லை. அலாரம் இல்லாததாலா அது?

கென்யாவில் எச்.ஐ.வி சிகிச்சையில் இருந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை 'மாம்போ?' என்று மட்டும் அனுப்பினார்கள். 'எப்படி இருக்கே?' என்று அர்த்தம். சிக்கல் என்று பதில் வந்தால் நர்ஸே போன் செய்வார். நல்ல பலன் கிடைத்ததாக 2010-இல் வெளியிட்டார்கள். யார் பார்த்தாலும் வெறும் நலம் விசாரிப்புதான்.

எங்கள் பெண் இப்போது இரவு எட்டு மணிக்கு 'பூனைக்குச் சோறு' என்று அலாரம் வைத்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் பூனையே கிடையாது.