பிஆர்சிஏ நெகட்டிவ் என்றால் மேமோகிராம் வேண்டாமா?

“எச்சில் டெஸ்டில் பிஆர்சிஏ நெகட்டிவ் வந்தால் மார்பகப் புற்றுநோய் வராது, மேமோகிராம் வீண் செலவு” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, தயவுசெய்து திருத்திவிடுங்கள். பிஆர்சிஏ 1, 2 என்பவை, மாற்றம் இருந்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணுக்கள்; மேமோகிராம் என்பது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே.

இந்த எச்சில் டெஸ்டை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் அனுமதி கொடுத்தது வெறும் 3 மரபணு மாற்றங்களைப் பார்க்கத்தான். மூன்றும் அஷ்கநாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்கள்) அதிகம் காணப்படுபவை. 2023-இல் அது 44 ஆனது. ஆனால் பிஆர்சிஏ 1, 2 இரண்டிலும் ஆபத்தான மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. போதாக்குறைக்கு, நூறு மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய 5 முதல் 10 தான் பரம்பரையாக வருவது. மீதிக்கு இந்த டெஸ்ட் என்ன சொல்லும்?

என் சித்தி ரிப்போர்ட்டைப் போனில் காட்டினார். ‘கண்டறியப்படவில்லை’ என்பது பெரிய எழுத்தில் இருந்தது. மற்ற மாற்றங்களைச் சோதிக்கவில்லை என்ற வரியோ, கீழே தள்ளிக்கொண்டே போன பிறகுதான் கண்ணில் பட்டது. அவரும் மேமோகிராமைத் தள்ளிப்போட இருந்தார்.

வீட்டில் யாருக்காவது 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் (அப்பா வழி அத்தை, பாட்டியும் கணக்குதான்) அந்த விவரத்தோடு டாக்டரைப் பாருங்கள். மரபணுவை முழுதாக வாசிக்கும் பரிசோதனை வேண்டுமா என்று அவர் சொல்வார்.