டெஸ்ட் ஃபெயில் ஆனால் விண்டோஸ்காரன்தான் குற்றவாளியா?

நேற்று நம் புரோகிராமர்கள் குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். பென்னாகரம் பக்கத்துப் பையன், விண்டோஸ் உள்ள கவர்மென்ட் லேப்டாப், டெஸ்ட் (கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டினால் ஃபைல் இல்லை என்கிறது, ஏன் என்று கேட்டான். வந்த பதில், "முதல்ல நல்ல மெஷின் வாங்கு தம்பி." கீழே வரிசையாகச் சிரிப்பு வேறு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த டெஸ்டை ஓட்டும் கட்டளையில் ஸ்டார் டாட் டிஎக்ஸ்டி (*.txt, அதாவது எல்லா டிஎக்ஸ்டி ஃபைலும்) என்று இருக்கிறது. லினக்ஸில் அதை ஃபைல் பெயர்களாக விரிப்பது ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டுவது), நம் புரோகிராம் இல்லை. விண்டோஸின் ஷெல்லான சிஎம்டி அந்த வேலையைச் செய்வதே கிடையாது. ஸ்டார் ஸ்டாராகவே வந்து சேரும், விரிப்பது புரோகிராமின் பாடு. ஆக அந்த டெஸ்ட் இவ்வளவு நாளும் பாஸ் ஆனது லினக்ஸ் ஷெல்லான பாஷ் புண்ணியத்தில். நீங்கள் சோதித்தது ஷெல்லை, உங்கள் கோடை இல்லை.

"சர்வர் எல்லாம் லினக்ஸ்தானே" என்பீர்கள். லினக்ஸிலேயே பேசுவோமே. எந்த ஃபைலும் பொருந்தாவிட்டால் பாஷ் ஸ்டாரை அப்படியே அனுப்பிவிடும், இசட்எஸ்எச் என்ற இன்னொரு ஷெல் பிழை சொல்லி நின்றுவிடும். மேக்கில் 2019 முதல் இசட்எஸ்எச்தான் டீஃபால்ட். ஃபைல்கள் வரும் வரிசைகூட லொக்கேலைப் (மெஷினின் மொழி, வட்டார அமைப்பை) பொறுத்து மாறும். இரட்டை ஸ்டார் போட்டால் எல்லா ஃபோல்டருக்குள்ளும் போகும் என்று நம்பியிருப்பீர்கள், பாஷில் குளோப்ஸ்டார் என்ற ஆப்ஷனை ஆன் செய்யாதவரை அது வெறும் ஒற்றை ஸ்டார், பாதி டெஸ்ட் ஓடாமலே பச்சை காட்டும். நல்ல மெஷின்!

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஸ்டார் உள்ள அந்தப் பேட்டர்னை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து (ஒற்றை மேற்கோளை சிஎம்டி மதிக்காது) டெஸ்டுகளை ஓட்டும் டெஸ்ட் ரன்னரிடமே கொடுங்கள், அது விரிக்கட்டும். பைத்தான் என்றால் ஸ்டாரை விரிக்க குளோப் மாட்யூல் இருக்கிறது, வந்ததை சார்ட் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். அவ்வளவுதான். ஷெல்லை நம்பாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு முதல் வேலைக்குப் போன புதிதில் என் மெஷினிலும் இதே மாதிரி ஃபெயில் ஆனது. "உனக்கு மட்டும் எப்படிப்பா வருது?" என்று டீம் லீட் கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு விண்டோஸ் வைத்திருந்த கஸ்டமரிடமிருந்து அதே பிழை வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்தார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் டெஸ்ட் எழுத நேரமில்லையா, நியாயம்தான். அப்படியானால் புராஜெக்டின் அறிமுகக் குறிப்பான ரீட்மீயில் "விண்டோஸிலும் ஓடும்" என்று போடாதீர்கள். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போடச் சொல்பவர்கள் அந்த லேப்டாப்பின் ரேமைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எல்லோர் வீட்டிலும் அப்பா மேக் வாங்கித் தருவதில்லை. கமெண்டில் "லினக்ஸ் போடு" என்று எழுத வருகிறவர்கள் மேலே மூன்றாவது பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்.